சாஸ் (Saaz) ரக ஹாப் பூ போட்டும் என் பில்ஸ்னர் பீரில் கசப்பும் இல்லை, மணமும் இல்லை. ஏன்?

20 லிட்டருக்கு 25 கிராம் சாஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்தபோது நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன்.

ஹாப் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ. கசப்பைத் தருவது அதிலுள்ள ஆல்ஃபா அமிலம். சாஸில் அது 3, 4 சதவீதம்தான். மேக்னம் போன்ற கசப்பு ரகங்களில் 12 சதவீதத்தைத் தாண்டும். மேக்னம் 25 கிராம் தரும் கசப்புக்குச் சாஸ் 80 கிராமாவது வேண்டும். மணம் போனதற்குக் காரணம் வேறு. அது பூவின் எண்ணெயில் இருக்கிறது; நெடுநேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோமே, அதே கதைதான்.

அதனால் பிரித்துப் போடுங்கள். என் அளவு: ஒரு மணி நேரக் கொதியின் தொடக்கத்தில் 60 கிராம், பாதியில் 30, அடுப்பை அணைக்கும்போது 30. செலவு கூடும், அடியில் பச்சைக் கசடு நிறையத் தங்கும். கசப்புக்கு மேக்னம், மணத்துக்கு மட்டும் சாஸ் என்று சிக்கனமாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் சாஸின் கசப்பு நாக்கில் உறுத்தாமல் இறங்கும். அதைக் கைவிட எனக்கு மனம் வராது.

அப்புறம், பாக்கெட்டைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். ஒருமுறை கடை அலமாரியில் வெறும் பிளாஸ்டிக் பையில் கிடந்ததை வாங்கிவந்தேன். பழைய சீஸ் நாற்றம். காற்றுப்பட்டுக் கெட்ட ஹாப் அப்படித்தான் நாறும். காற்று நீக்கிய பாக்கெட்டாக வாங்கி ஃப்ரீசரில் வையுங்கள்.

நல்ல சாஸ் எப்படி மணக்கும் என்பதை நான் செக் நாட்டின் ஜாடெட்ஸில் தெரிந்துகொண்டேன். அந்த ஊரின் ஜெர்மன் பெயர்தான் சாஸ். 2023இல் ஊரும் அதன் ஹாப் தோட்டங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆகஸ்ட் கடைசி, அறுவடை நேரம். ஏழு மீட்டர் உயரக் கம்பிகளில் ஹாப் வெற்றிலைக் கொடிபோல ஏறியிருந்தது. ஒரு பூவைப் பிய்த்து உள்ளங்கையில் தேய்த்தேன். பூவுக்குள் இருந்த மஞ்சள் நிறப் பொடி பிசுபிசுவென்று ஒட்டியது. மழை நின்ற மண்ணும், கசக்கிய பச்சிலையும், லேசாக மிளகும் கலந்த வாசம். பழ வாசம் துளியும் இல்லை. இரவு சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் விரலிடுக்கில் இருந்தது.

கடைசியாக, உங்கள் தண்ணீர். 1842இல் யோசெஃப் குரோல் என்ற பவேரியக்காரர் செக் நாட்டின் பில்சன் நகரில் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சியது உப்பு மிகக் குறைந்த மென்னீரில். கடின நீரில் இதே கசப்பு முரடாகிவிடும். நான் குழாய்த் தண்ணீரோடு உப்பு நீக்கிய நீரைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன்.