தஞ்சாவூர் ஓவியம்: மக்கு ஏன் வெடிக்கிறது, ரேக்கு ஏன் கறுக்கிறது?

கேள்வி: எனக்குப் படம் வரையவே வராது. தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா மேடம்?

முடியும். கார்பன் தாள் வைத்து அச்செடுத்துக்கொள்ளலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இதில் பாதிக்குமேல் கைவேலைதான்: நகைகளில் கண்ணாடிக் கல் பதிப்பது, மக்கு (சாக் பவுடரும் பசையும் கலந்த கூழ்) வைத்து நகைகளைப் புடைப்பாக எழுப்புவது, அதன்மேல் ரேக்கு (தங்க நிற மெல்லிய தகடு) ஒட்டுவது. முதல் படத்துக்கு 10 × 12 அங்குலத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணன் போதும். பட்டாபிஷேகம் மாதிரி கூட்டம் நிறைந்த படத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பலகை எப்படித் தயார் செய்வது?

மராட்டியர் காலத்தில் பலாப்பலகை, புளியங்கொட்டைப் பசை. இன்று 6 மி.மீ. பிளைவுட், ஃபெவிகால். பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, கஞ்சி போக அலசிய பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். காய்ந்தபின் சாக் பவுடரும் பசையும் கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள் தேய்ப்பு. பின்பக்கமும் ஒரு பூச்சு பெயிண்ட் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை வளையும்.

கேள்வி: அக்கா, நகை வேலைக்கு வைத்த மக்கு மறுநாளே வெடித்துவிட்டது. என்ன தப்பு?

ஒரே தடவையில் கனமாக வைத்திருப்பீர்கள், அல்லது வெயிலில் காயவைத்திருப்பீர்கள். மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வற்றும்போது இழுத்துக் கீறிவிடும். சாக் பவுடர் இரண்டு கரண்டி, ஃபெவிகால் ஒரு கரண்டி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக. தோசை மாவுப் பதம். சலிக்காத பவுடர் வேண்டாம். ஒன்றாம் நம்பர் பிரஷ்ஷில் தொட்டு ஒரு முத்து வைத்துப் பாருங்கள். குமிழாக நின்றால் பதம் சரி. பரவினால் தண்ணீர் அதிகம். பிரஷை எடுக்கும்போது வால் நீண்டு நின்றால் கெட்டி. உயரம் வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று முறையாக ஏற்றி, நடுவில் நிழலில் ஓர் இரவு விடுங்கள். மயிரிழைக் கீறலை நீர்த்த மக்கால் அடைக்கலாம். நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்தால் பசை போதவில்லை, பெயர்த்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கேள்வி: கல் முதலா, ரேக்கு முதலா?

கல், மக்கு, ரேக்கு, கடைசியில் வண்ணம். ரேக்கைச் சற்றுப் பெரிதாக வெட்டி, பசையை மெல்லிசாகத் தடவி, அது பிசுபிசுக்கும்போது வைத்துப் பஞ்சால் ஒற்றுங்கள். பள்ளங்களில் மழுங்கிய குச்சியால் அழுத்தினால் மணியும் சரமும் எழுந்து தெரியும். பசை கனத்தால் ரேக்கு சுருங்கும். கல்லை மூடிய பகுதியைப் பிளேடால் சுற்றி எடுத்துவிடலாம். ஓரம் பிசிறினால் வண்ணக்கோடு மறைத்துவிடும்.

கேள்வி: மலிவான ரேக்கு வாங்கலாமா?

பழகுவதற்கு வாங்கலாம். அது செம்புக் கலவை, காற்றும் ஈரமும் பட்டுக் கறுக்கும். பூஜையறைக்குப் போகும் படத்துக்கு 22 காரட் ரேக்குதான் போடுங்கள்.

கேள்வி: போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா?

அக்ரிலிக். காய்ந்தபின் மேலே நிழல் தீட்டினாலும் அடிவண்ணம் கரையாது.

கேள்வி: தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாமா?

கூடவே கூடாது, மக்கு ஊறிவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஃபிரேம் போடும்போது கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கால் அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.