முதல் நாள் வகுப்பிலேயே வம்சாவளி வரைய விடாதீர்கள்

நீங்கள் நடத்தும் குடும்ப வரலாற்று வகுப்புக்கு வருபவர்கள் இணையத்தில் கிடைத்த வம்சாவளியை அப்படியே நகலெடுத்து வருகிறார்கள், ஒரே தாத்தாவுக்கு மூன்று பிறந்த ஆண்டுகள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரம் யாரை விட்டது!

முதல் நாள் ஓர் இறப்புச் சான்றிதழை மட்டும் கொடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு விவரத்தையும் யார் சொல்லியிருப்பார், நேரில் அறிந்து சொன்னாரா என்று கேளுங்கள். இறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும். நடந்த கையோடு பதிவானது. பிறந்த ஆண்டோ, அப்போது பிறந்தே இராத மகனோ மருமகளோ குத்துமதிப்பாகச் சொன்னது. ஒரே தாள், நம்பகத்தன்மை மட்டும் இரண்டு விதம். இது பிடிபட்டால் ஒரே தாத்தாவுக்கு மூன்று பிறந்த ஆண்டுகள் என்ற குழப்பமும் பாதி தீரும்: பிறப்புக்கு நெருக்கமாக எழுதப்பட்ட ஆவணத்துக்கு முன்னுரிமை. மற்ற இரண்டையும் அழிக்காமல், எங்கே கிடைத்தது என்பதோடு குறித்து வைக்கட்டும்.

பிறகு தன்னிலிருந்து பின்னோக்கிப் போகலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கட்டும்: தான் 1, அப்பா 2, அம்மா 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. தாய்வழித் தாத்தா 6, பாட்டி 7. விடுபட்ட ஆள் உடனே கண்ணில் படுவார்.

மென்பொருள் பற்றிக் கேட்டீர்களே, ஜெட்காம் (GEDCOM, வம்சாவளி விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவும் பொதுவான கோப்பு வடிவம்) கோப்பாகச் சேமிக்கும் எதுவும் போதும். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை மட்டும் பொதுவில் ஏற்ற விடாதீர்கள்.