கருவி காட்டும் 18 டிகிரி யாருடையது?

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜுக்குள் 20 லிட்டர் கலனை வைத்து வீட்டில் பீர் நொதிக்க விடுகிறேன். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் 18 டிகிரி வைத்திருக்கிறேன். அதுவும் 18 என்றே காட்டுகிறது. ஆனாலும் கடைசி இரண்டு தடவையும் பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. ஃப்ரிட்ஜ் வேறு ஓயாமல் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. கைப்பேசியில் பார்க்கக்கூடிய உயர்ந்த வகைக் கருவியை வாங்கினால் எல்லாம் தீரும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கருவியின் சென்சார், அதாவது ஒயர் நுனியில் வெப்பத்தை உணரும் முனை, எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஃப்ரிட்ஜின் தட்டுக் கம்பியில் தொங்குகிறது என்று பந்தயம் கட்டுவேன். அப்படியானால் கருவி காற்றின் வெப்பத்தைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் நீங்கள் குடிக்கப்போவது காற்றை அல்லவே!

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு பிறக்கிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாட்கள், சுற்றியுள்ள காற்றைவிடக் கலனுக்குள் 3 முதல் 5 டிகிரி வரை கூடிவிடும். காற்று 18 என்றால் பீர் 21 முதல் 23. ஏல் என்னும், வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர் வகைக்கான பல ஈஸ்டுகள் அந்தச் சூட்டில்தான் நீங்கள் சொல்லும் வாடையை உண்டாக்குகின்றன. ஈஸ்ட் உறையில் 'பொருத்தமான வெப்பநிலை' என்று அச்சிடுகிறார்களே, அது திரவத்தின் வெப்பநிலை என்று கூடவே ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

செய்யவேண்டியது சின்ன வேலை. சென்சாரைக் கலனின் வெளிச்சுவரில், திரவ மட்டத்துக்குக் கீழே, பாதி உயரத்தில் ஒட்டுங்கள். அதன்மேல் கைக்குட்டையை எட்டாக மடித்த பருமனுக்குப் பஞ்சு மெத்தைத் துண்டை வைத்து, இடைவெளி இல்லாமல் டேப் சுற்றுங்கள். குளிர்ந்த காற்று நேராகப் படக்கூடாது, அவ்வளவுதான். சூடாக்கும் பட்டை கட்டியிருந்தால் அதிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். சென்சாரை பீருக்குள் நேராக முக்கவேண்டாம். உலோக முனையும் ஒயரும் சேரும் இடத்தில் நீர் புகுந்தால் அது உளறத் தொடங்கும்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. பொடித்த ஐஸை டம்ளர் நிறைய எடுத்து, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, முனையை மட்டும் அதில் வைத்துக் கலக்குங்கள். 0 காட்டவேண்டும். 1.5 காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கருவியின் திருத்த அமைப்பில் கழித்துவிடலாம். இதற்காகப் புதுக் கருவி விற்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் தெரிந்தாலும் தொங்கும் சென்சார் தொங்கும் சென்சார்தான். தவறான எண்ணைப் படுக்கையில் இருந்தபடியே பார்க்கலாம், அதுதான் கூடுதல் வசதி.

ஓடி ஓடி நிற்பதற்கும் இதுவே காரணம். காற்று நொடியில் குளிரும், நொடியில் சூடாகும். 20 லிட்டர் திரவம் அப்படி அலையாது. சென்சார் இடம் மாறினாலே பாதி அடங்கும். மீதிக்கு, ஏற்ற இறக்க இடைவெளியை, அதாவது வைத்த எண்ணிலிருந்து எவ்வளவு விலகினால் ஃப்ரிட்ஜ் ஓடவேண்டும் என்பதை, 0.5 முதல் 1 டிகிரி வரை வையுங்கள். கம்ப்ரஸர் தாமதத்தை 5 நிமிடமாவது வையுங்கள். நின்ற கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமனாகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மறுபடி தட்டி எழுப்பினால் திணறிச் சூடாகி, ஒருநாள் எழாமலே போய்விடும்.

ஈஸ்டை இடும்போதே, நொதிக்கவேண்டிய தானியச் சாறு 17 டிகிரிக்கு வந்திருக்கட்டும். 25-இல் இட்டுவிட்டு 'ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும்' என்று விடாதீர்கள். வாடையின் பெரும்பகுதி முதல் மூன்று நாட்களிலேயே உருவாகிவிடுகிறது.

இனி ஒரு விலக்கு. இதைச் சொல்லாமல் விட்டால், கடைசிவரை 18-ஐக் கட்டிக்காத்துவிட்டு, பீரில் வெண்ணெய் வாசனை என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுவீர்கள். நொதித்தல் முடியும் தறுவாயில் ஈஸ்ட் சோர்கிறது, சூடும் தணிகிறது. முன்பு தானே உண்டாக்கிய வெண்ணெய் வாசனையைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள அதற்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு தேவை. ஆகவே முக்கால்வாசி முடிந்ததும் 20-க்கு உயர்த்தி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். 10, 12 டிகிரியில் நொதிக்கும் லாகர் வகை பீர் என்றால் 16 வரைகூட ஏற்றலாம். முக்கால்வாசி என்பதை, திரவத்தின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை எவ்வளவு மீதி என்று காட்டும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். குமிழி வருகிறதா என்று பார்க்காதீர்கள். மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் குமிழி நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் ஏற்றினால் நகப்பூச்சு வாடை திரும்புமோ என்று பயப்படவேண்டாம். ஈஸ்ட் பெருகும் காலம் கடந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடிப் பீரை உறையவைத்தால், கருவிக்குள் ஃப்ரிட்ஜுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே 10 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது ஹீட்டர் போன்றவற்றுக்கான கணக்கு. கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். அப்போது மட்டும் கருவியை மாற்றுங்கள்.

ஏற்கெனவே வாடை பிடித்த பீரை 'ஆறு மாதம் வைத்தால் அடங்கிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொட்டிவிட்டுப் புட்டிகளைக் கழுவி வையுங்கள்.