விரல் விறைக்காமல் வண்டி ஓட்ட: ஓசூர் மெக்கானிக்கிடம் சில கேள்விகள்

ஓசூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கார்த்திகை தாண்டிவிட்டால் காலையில் வண்டி விட வருகிறவர்கள் சாவியை நீட்டும்போதே விரல் நீட்ட முடியாமல் நிற்பார்கள். போன வாரம் முழுக்க வந்த கேள்விகளைச் சுருக்கி, என் பதிலோடு கீழே தருகிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு பற்றி வருகிற இடத்தில் தெரிந்த வரைக்கும்தான் சொல்கிறேன்.

அண்ணே, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறேன். நாலரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் விரல் மரத்துவிடுகிறது. கம்பளி கிளவுஸ் ரெண்டு ஜோடி ஒன்றின் மேல் ஒன்று போட்டும் பலனில்லை. ஏன்?

கம்பளி குளிரைத் தாங்கும், காற்றைத் தாங்காது. கம்பளி கிளவுஸை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள், உங்கள் மூச்சு அந்தப் பக்கம் போய்விடும். நீங்கள் ஐம்பதில் போகும்போது எதிர்க்காற்றும் அப்படித்தான் உள்ளே வருகிறது. கையைச் சுற்றி நம் உடம்பு சூடாக்கி வைத்திருக்கிற மெல்லிய காற்றுப் படலத்தை அது நொடிக்கு நொடி அடித்துக்கொண்டு போகிறது. வானிலைக்காரர்களின் கணக்குப்படி 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது 5 டிகிரி போலப் படும். வேகத்தை 40-க்குக் குறைத்தாலும் 6 டிகிரிதான். மெதுவாகப் போனால் குளிராது என்பதில் பாதிதான் உண்மை.

ரெண்டு ஜோடி போட்டதில் இன்னொரு தப்பும் இருக்கிறது. விரல் இறுகிவிட்டால் ரத்தம் நுனி வரை போகாது, உள்ளே சூடான காற்று நிற்கவும் இடமிருக்காது. ஒரு கம்பளி போதும். அதன் மேல் காற்றுப் புகாத ஒன்று வேண்டும். தோல் கிளவுஸோ, ரெயின்கோட் துணியில் தைத்த உறையோ எதுவானாலும் சரி, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். போட்டுக்கொண்டு கையை மடக்கினால் விரல் நுனியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் முக்கியமான விஷயம் ஈரம். பாலை அளந்து ஊற்றிய கையை அப்படியே கிளவுஸுக்குள் விட்டால் அந்த ஈரம் ஆவியாகும்போது இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொள்ளும். சைடு பையில் ஒரு காய்ந்த துண்டும் மாற்று ஜோடி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடி நனைந்துவிட்டால் அதையே பிழிந்து போடாதீர்கள்.

சிப்காட்டில் முதல் ஷிப்ட். சூளகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறேன். எனக்கு வலது கையைவிட இடது கைதான் அதிகம் குளிர்கிறது. என் தோழி சிரிக்கிறாள். இது மனப்பிரமையா அண்ணா?

பிரமை இல்லை தங்கச்சி. உங்கள் தோழி வண்டியிலும் அப்படித்தான் இருக்கும், கவனித்திருக்க மாட்டார். வலது பக்கம் ஆக்சிலேட்டர் திருகுவதற்காக ஹேண்டில் பைப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும், அதன் மேல்தான் கிரிப். இடது பக்கத்தில் பெரும்பாலான வண்டிகளில் கிரிப் நேராக இரும்புப் பைப்பிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இரும்பு உங்கள் உள்ளங்கைச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கையைச் சூடாக்கும் கிரிப் செய்கிற சில கம்பெனிகள் இடது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு வைப்பதும் இதனால்தான்.

வைத்தியம் எளிது. இடது கிரிப்பைக் கழற்றி, பைப்பில் துணி டேப் ஒரு சுற்று சுற்றி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். கழற்றவும் ஏற்றவும் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் விட்டால் கிரிப் பிறகு பிடிக்காமல் சுழலும். இடது கிரிப் சுழன்றால் வண்டியே கையை விட்டுப் போகிற மாதிரி. ஆக்சிலேட்டர் பக்கம் எதையும் சுற்ற வேண்டாம்.

நீங்கள் வருகிற பாதையையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் 900 மீட்டர் பக்கம், உங்கள் சூளகிரி ரெண்டுக்கும் நடுவில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். அதனால் ஏற ஏறக் குளிர் கூடும். கிளம்பும்போது "இன்னைக்குப் பரவாயில்லை" என்று கிளவுஸைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வராதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்கு வாரம் ஒருமுறை பைக்கில் போகிறேன். 125 சிசி வண்டி. சூடாகும் கிரிப் மாட்டலாமா? பேட்டரி தாங்குமா?

தாங்கும், முறையாக மாட்டினால். கிரிப் ஜோடி ஒன்றுக்கு 30 வாட் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் ரெண்டரை ஆம்பியர் இழுக்கும். சின்ன வண்டிகளின் பேட்டரி மூன்று, நாலு ஆம்பியர்-மணி அளவில்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடாமல் கிரிப்பை மட்டும் போட்டுவைத்தால் ஒரு மணி நேரம் போவதற்குள் பேட்டரி உட்கார்ந்துவிடும். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறும். ஆனால் டிராபிக்கில் ஐடிலில் நிற்கும்போது வருகிற கரண்ட் ஹெட்லைட்டுக்கே சரியாகப் போய்விடும். சிக்னலில் நிற்கும்போது கிரிப்பை அணைத்துவிடுங்கள்.

எங்களிடம் வருகிற வண்டிகளில் நான் பார்க்கிற பெரிய கோளாறு, ஹாரன் வயரிலிருந்து ஒரு துண்டு இழுத்து கிரிப்புக்குக் கொடுப்பது. அந்த மெல்லிய வயர் சூடாகி உருகும். பேட்டரியிலிருந்து தனி வயர், அதில் 5 ஆம்பியர் ஃபியூஸ், நடுவில் சாவி போட்டால் மட்டும் திறக்கிற ரிலே. இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். செய்கிறவர் "ரிலே எதுக்கு சார்?" என்று கேட்டால் வேறு கடை பாருங்கள்.

அதைவிட ஒன்று சொல்கிறேன். சூடான கிரிப் உள்ளங்கையைத்தான் சூடாக்கும். காற்று அடிப்பதோ விரலின் வெளிப்பக்கம். முதலில் காற்றை மறைத்துவிட்டு அப்புறம் கிரிப் வேண்டுமா என்று யோசியுங்கள். பாதிப்பேருக்கு வேண்டியிருக்காது.

தளியில் ரோஜாத் தோட்டம். பூவை விடியலுக்கு முன் ஓசூர் கொண்டுவர வேண்டும். தடிமனான கிளவுஸ் போட்டால் பிரேக்கே கைக்குத் தெரிவதில்லை. கிளவுஸ் இல்லாமல் வழி இருக்கிறதா?

இருக்கிறது. கைக்கு உறை போடாமல் ஹேண்டிலுக்கு உறை போடுங்கள். வடக்கே குளிர்ப் பிரதேசங்களில் இது சாதாரணம். ஹேண்டில், லீவர், சுவிட்ச் எல்லாவற்றையும் சேர்த்து மூடுகிற பை மாதிரி இருக்கும். கையை உள்ளே விட்டு ஓட்டுவார்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. சீட் கவர் தைக்கிற கடையில் ரெக்சினுக்கு உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்துத் தைக்கச் சொன்னாலும் தைத்துக் கொடுப்பார்கள். உள்ளே மெல்லிய பருத்தி கிளவுஸ் போதும், பிரேக் நன்றாகத் தெரியும். வாய்ப்பக்கம் அகலமாக இருக்கட்டும், வண்டி சாய்ந்தால் கை உடனே வெளியே வர வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. ஆரம்ப காலத்தில் ஐந்து லிட்டர் ஆயில் கேனை வெட்டி ஹேண்டிலுக்கு முன்னால் கட்டிக்கொண்டேன். காற்று நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் தெருமுனையில் வளைக்கும்போது கேன் விளிம்பு ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்து இழுத்தது. வண்டி தானாக ரேஸ் ஆகி ஒரு வீட்டுத் திண்ணையில் போய் நின்றது. அந்த வீட்டுப் பாட்டி கோலம் போட்டு முடித்து உள்ளே போன நேரம் என்பதால் பிழைத்தேன். கோலம் பிழைக்கவில்லை.

அதனால் கேனோ ரெக்சினோ எது கட்டினாலும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். ரேஸ் ஏறக் கூடாது. பிரேக் லீவரை விட்டதும் அது முழுசாகத் திரும்பி வர வேண்டும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து பிரேக் லைட் அணைகிறதா என்றும் பாருங்கள். உறை லீவரை லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கும் உரசிக்கொண்டே வரும்.

கை மட்டும்தான் குளிர்கிறது. உடம்பில் சட்டையோடு ஓட்டினாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படியும் ஜெர்கின் போட வேண்டுமா?

கண்டிப்பாக. உங்கள் கேள்வியிலேயே காரணமும் இருக்கிறது. நெஞ்சு, வயிறு பக்கம் சூடு குறைந்தால் உடம்பு முதலில் செய்கிற வேலை, கைகால் நுனிக்குப் போகிற ரத்தக்குழாய்களைச் சுருக்குவது. உள்ளே இருக்கிற இதயத்தையும் ஈரலையும் காப்பாற்ற விரலைப் பட்டினி போடுகிறது. போதாததற்கு, விரலை அசைக்கிற பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, விரலுக்குள் சூடு உண்டாக்க ஆளில்லை. ரத்தம் கொண்டுவந்தால்தான் உண்டு. கிளவுஸும் சூடு தராது, வந்த சூட்டைப் போகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். ஆறிய காபியை பிளாஸ்கில் ஊற்றினால் சூடாகுமா?

ஆக, கைக்கு வைத்தியம் கழுத்திலிருந்து ஆரம்பிக்கிறது. மப்ளரை நுனி தொங்காமல் ஜெர்கினுக்குள் சொருகிக் கழுத்தை மூடுங்கள். நெஞ்சில் காற்றுப் புகாத ஒன்று இருக்கட்டும். ஒன்றும் இல்லாத நாளில் பழைய தினசரித் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துப் பாருங்கள். என் அப்பா மொபெட்டில் அப்படித்தான் போவார், போய்ச் சேர்ந்ததும் அதையே எடுத்துப் படிப்பார். மணிக்கட்டையும் விடாதீர்கள், அங்கே ரத்தக்குழாய் தோலுக்குக் கிட்டத்தில் ஓடுகிறது. குளிருக்கு கிளவுஸ் வாய் ஜெர்கின் கைக்கு மேலே வரட்டும். மழைக்கு மட்டும் அதை மாற்றி உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் கை வழியே ஓடிவரும் தண்ணீர் கிளவுஸுக்குள் குளமாகும்.

கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே கை சூடாக இருக்கும்போது கிளவுஸைப் போட்டுவிடுங்கள். வெளியே விறைத்த பிறகு போட்டால் விறைப்பைத்தான் மூடி வைத்திருப்பீர்கள்.

கேள்வி ஒன்று, சந்தேகம் மூன்று: கையில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? நிறுத்தி சைலன்சரில் கை காட்டலாமா? கொஞ்சம் பிராந்தி?

எண்ணெய் தோல் வெடிப்புக்கு நல்லது, குளிருக்கு இல்லை. நம் ஊர் மார்கழியில் அது பாட்டிலிலேயே கட்டியாகிக் கிடக்கிறது, அது எங்கே உங்களைச் சூடாக்கப் போகிறது? கிரிப்பில் வழுக்கும், அது ஒன்றுதான் மிச்சம். சைலன்சர் வேண்டாம். மரத்த விரலுக்கு எது சூடு, எது நெருப்பு என்று தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அக்குளில் கையை வைத்து ரெண்டு நிமிஷம் நில்லுங்கள், இல்லையென்றால் கையைத் தோளிலிருந்து பத்துச் சுற்று சுழற்றுங்கள், ரத்தம் நுனிக்கு ஓடும். பிராந்தி தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு மாதிரி காட்டும், உள்சூட்டை வெளியே விட்டுவிடும். அதைவிட, குடித்துவிட்டு வண்டி எடுக்கிற பேச்சே என் கடையில் கிடையாது.

எனக்கு 61 வயது, தர்மபுரி. சர்க்கரை பத்து வருஷமாக. எனக்குக் கை குளிரே தெரிவதில்லை, நல்லதுதானே தம்பி?

ஐயா, இதை நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பின் உணர்ச்சி குறையலாம். குளிர் தெரியாதவருக்குச் சூடும் தெரியாது, லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. சர்க்கரை பார்க்கிற டாக்டரிடமே கையைக் காட்டிவிடுங்கள். அதுவரை சூடான கிரிப், குலுக்கினால் சூடாகிற பாக்கெட் எதுவும் உங்களுக்கு வேண்டாம், உறை மட்டும் போதும்.

ஓர் அம்மாவும் கேட்டிருந்தார்: குளிரில் விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நீலமாகி, சூடானதும் சிவந்து வலிக்கிறதாம். ரெய்னாட் என்று ஒரு தொந்தரவு உண்டு, அதுவாக இருக்கலாம். அவரும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் கையைக் குளிரவைக்கும். என்ன சாப்பிடுகிறோம் என்று அங்கே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு ஒரு வரி: அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

வத்தல்மலைக்கு நண்பர்களோடு போகிறோம். குலுக்கினால் சூடாகிற பாக்கெட் வாங்கலாமா அண்ணா?

ஒரு நாள் பயணத்துக்கு வாங்கலாம். உள்ளே இரும்புத் தூள், உப்பு, கரி. காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிறது, அந்தத் துருப்பிடிப்பில் வருகிற சூடுதான் அது. அதனால் காற்றே போகாத கிளவுஸுக்குள் இறுக்கி அடைத்தால் அணைந்துவிடும். தோலில் நேராகப் படாமல் உள் கிளவுஸுக்கு மேல், புறங்கைப் பக்கம் வையுங்கள். உள்ளங்கையில் வைத்தால் கிரிப் பிடிக்க முடியாது. மலை வளைவுகளில் ரெண்டு விரலாவது எப்போதும் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும். குளிர்ந்த விரல் லீவரைத் தேடிப் போக நேரமெடுக்கும்.

பொண்ணை முன்னால் நிற்கவைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறேன். அவள் கையைப் பிடித்துப் பார்த்தால் ஐஸ். என்ன செய்ய?

முன்னால் நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களுக்கு வர வேண்டிய காற்றெல்லாம் அவள் மேல்தான் அடிக்கிறது. பின்னால் உட்காரவைத்து, பெல்ட் கட்டி, ஹெல்மெட் போட்டு, அவள் கையை உங்கள் ஜெர்கின் பாக்கெட்டுக்குள் விடச் சொல்லுங்கள்.

பொங்கலோடு குளிர் போய்விடும். கிளவுஸை இப்போதே துவைத்து எடுத்து வைக்கலாமா?

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அதனால் மாசி கழியட்டும். தோல் கிளவுஸை வாளியில் ஊறப்போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி முறுகிவிடும். கம்பளியைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும், வெந்நீரில் சுருங்கி அடுத்த வருஷம் உங்கள் பொண்ணுக்குத்தான் ஆகும்.