ஹேவ்லாக் ரிசார்ட்டில் நாங்கள் பணம் கட்டிய அறை வேறொருவருக்கு! பணமும் திரும்பாது என்கிறார்களே?

கேள்வி: கடந்த டிசம்பரில் குடும்பமாக ஆறு பேர் அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவில் கடல் பார்த்த அறைகள் இரண்டை, மூன்று இரவுகளுக்கு, ஒரு முன்பதிவுத் தளம் மூலம் எடுத்திருந்தோம். அறைக்கு இரவு 9,000 ரூபாய். மொத்தம் 54,000 ரூபாயும் முன்னதாகவே கட்டிவிட்டோம். நாங்கள் போர்ட் பிளேரில் படகு ஏற வேண்டிய நாளில் கடல் சீற்றம், படகுகளை நிறுத்திவிட்டார்கள். உடனே ரிசார்ட்டுக்குப் போன் செய்தோம். "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்றார்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படியே பதில் வந்தது. இரண்டு இரவு போர்ட் பிளேரிலேயே கழிந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தால், எங்கள் அறைகளில் வேறு குடும்பம். ஊர் திரும்பப் படகில்லாமல் தீவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதல் நாள் மாலையே அவற்றைக் கொடுத்துவிட்டதாக வரவேற்பில் இருந்த பையன் சொன்னான். எங்களுக்குக் கிடைத்தது பின்பக்கத் தோட்டத்து அறைகள். பணம் கேட்டால், "ரீஃபண்ட் கிடையாது என்று போட்டிருக்கிறதே" என்கிறது ரிசார்ட். தளமோ, ரிசார்ட்டைக் கேளுங்கள் என்கிறது. நடந்ததை இணையத்தில் எழுதியதற்கு அவதூறு வழக்கு போடுவோம் என்று மிரட்டல் வேறு. வழக்குப் போட நான் அந்தமானுக்குப் போக வேண்டுமா?
— மதுரை வாசகர்

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. ஆகவே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் புகார் கொடுக்கலாம். "வழக்குகள் அந்தமான் நீதிமன்றத்தில் மட்டுமே" என்று முன்பதிவு நிபந்தனையில் ஒரு வரி இருந்தாலும் அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்கக் கடலையும் படகையும் பற்றியே பேசுகிறது. கோபம் புரிகிறது, ஆனால் வழக்கு அங்கே இல்லை. "கடல் எங்கள் கையில் இல்லை, அறை தயாராகத்தான் இருந்தது, வராதது அவர்கள்" என்று ரிசார்ட் சொன்னால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. ஹேவ்லாக்கில் விமான நிலையம் கிடையாது. பயணிகளில் பெரும்பாலோர் படகைத்தான் நம்ப வேண்டும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கே மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்டு வந்தன. அந்த அபாயம் இரு தரப்புக்கும் தெரிந்ததுதானே என்று ஆணையம் கேட்கலாம். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவையும், அப்படிச் செல்லாமல் போனால் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிற 65-ஆம் பிரிவையும் நீங்கள் எழுப்பலாம். ஆனால் அதை மாற்று வாதமாகப் பின்னால் வையுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர், வரவேற்பில் இருந்த அந்தப் பையன் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. உங்களை வரவிடாத அதே காற்று இன்னொரு குடும்பத்தைப் போகவிடவில்லை. அவர்கள் உங்கள் அறையில் தங்கி, அதற்குப் பணமும் கொடுத்திருந்தால், ரிசார்ட்டுக்கு நஷ்டம் என்ன? ஓர் அறைக்கு ஒரே இரவில் இரண்டு வாடகை வந்திருக்கிறது. "ரீஃபண்ட் கிடையாது" என்ற நிபந்தனை, அறை காலியாகக் கிடந்து வீணாவதை ஈடுகட்டத்தான். ஒப்பந்தத்தை மீறியவர் கொடுக்க வேண்டிய தொகை இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. நீங்கள் வராததை ஒப்பந்த மீறல் என்றே வைத்துக்கொண்டாலும், இந்த இரண்டு தீர்ப்புகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. அதோடு, "வாங்க, பார்த்துக்கலாம்" என்ற வாட்ஸ்அப் பதில் இருக்கிறது. நீங்கள் முன்பதிவை ரத்து செய்யவில்லை, தாமதமாக வருகிறீர்கள் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சாட்சி. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். புகாரோடு அதன் நகலைத் தரும்போது, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

"பையன் சொன்னதை எப்படி நிரூபிப்பது?" என்று அடுத்து கேட்பீர்கள். அவன் வந்து சாட்சி சொல்வான் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அவனுடைய வேலை போய்விடும். ஆவணத்தைக் கேளுங்கள். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் விஷயத்தில், உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி நுகர்வோர் ஆணையத்துக்கும் உண்டு. அந்த மூன்று தேதிகளுக்கான விருந்தினர் பதிவேட்டையும் அந்த இரு அறைகளின் பில்களையும் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி தனி மனு போடுங்கள். கொண்டுவந்தால் உண்மை தெரிந்துவிடும். உத்தரவு வந்தும் கொண்டுவராவிட்டால், ஆவணம் தங்களுக்குப் பாதகமானது என்பதால்தான் மறைக்கிறார்கள் என்று ஆணையம் கருத இடமுண்டு.

மூன்றாம் இரவில் சிக்கலே இல்லை. கடல் பார்த்த அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு தோட்டத்து அறை கொடுத்தது அப்பட்டமான சேவைக் குறைபாடு. ரிசார்ட்டின் சொந்தக் கட்டணப் பட்டியலில் இரண்டு அறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். அறை ஜன்னலிலிருந்து எடுத்த படம் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

முன்பதிவுத் தளத்தையும் இரண்டாவது எதிர்தரப்பாகச் சேருங்கள். பணம் அவர்கள் வழியாகத்தானே போயிருக்கிறது. "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்பார்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி அவர்களுக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவருக்கு மின்னஞ்சலில் இன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்கள் புகாரில் ஒரு பத்தியாகிவிடும்.

ரிசார்ட்டுக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் இந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பிய வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: 2018 முதல் ஹேவ்லாக்கின் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்வராஜ் தீப், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். முகவரியில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். "முகவரி தவறு, நோட்டீஸ் வரவில்லை" என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டாம். நோட்டீஸ் காலத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

புகாரில் என்ன கேட்பது? இரண்டு இரவுக்கு 36,000 ரூபாய், மூன்றாம் இரவின் கட்டண வித்தியாசம், வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம் கேளுங்கள் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். நல்ல வழக்கின் நம்பகத்தன்மையை அது கெடுத்துவிடும். இன்னொன்று: "இது நியாயமற்ற ஒப்பந்தம், செல்லாது என்று அறிவியுங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்தில் அப்படிக் கேட்டால் புகாரே திரும்பி வரக்கூடும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்துங்கள்.

நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காணொலி மூலம் விசாரணை நடத்தும்படியும் கேட்கலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் ரிசார்ட்டில் ஆட்கள் மாறிவிடுவார்கள்.

அவதூறு மிரட்டலுக்குப் பயந்து எழுதியதை அழிக்க வேண்டாம். பொதுநலனுக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறாகாது என்ற விதிவிலக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் எழுதியதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தேதி, அறை, கட்டிய தொகை, கிடைத்த பதில் இவை இருக்கட்டும். "திருடர்கள்", "மோசடிக் கும்பல்" போன்ற சொற்கள் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். திருத்துவதற்கு முன் பழைய பதிவையும், அதற்கு அவர்கள் அனுப்பிய மிரட்டலையும் படம் பிடித்து வையுங்கள். அந்த மிரட்டலையும் புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.