பொங்கி வழியும் திராட்சை வைன்: மூடியை இறுக்காதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் மீந்த 12 கிலோ கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, 3 கிலோ சர்க்கரையும் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்து 20 லிட்டர் கேனில் கழுத்து வரை ஊற்றினேன். இரண்டாம் நாள் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) பிய்த்துக்கொண்டு போய், நுரை தரையெல்லாம் வழிந்தது. இப்போது மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன். கேன் உப்புகிறது. சரக்கு கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் அந்த மூடியைத் தளர்த்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கேனைத் திறந்த வெளியில் வைத்து, கனமான துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். கண்ணாடி ஜாடியாக இருந்திருந்தால் இந்நேரம் வெடித்தே இருக்கலாம். நொதிக்கிற சரக்கை ஒருபோதும் காற்றுப்புகாமல் அடைக்கக் கூடாது.

சரக்கு கெடவில்லை. ஈஸ்ட் நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். அது தின்கிற சர்க்கரையின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியமில வாயுவாகிறது. ஒரு கிலோ சர்க்கரைக்குச் சுமார் 250 லிட்டர் வாயு. நீங்கள் போட்டதோ 3 கிலோ, பழத்தின் சர்க்கரை தனி. அத்தனையும் ஏர்லாக்கின் சின்னத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். தோலும் சக்கையும் மேலே மிதந்து வந்து துளையை அடைத்துவிட்டன, அழுத்தம் ஏறி ஏர்லாக்கைத் தள்ளிவிட்டது.

எனவே இதை வாயகன்ற, உணவுத்தர வாளிக்கு மாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ஒரே வாளியில் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். சுத்தமான துணியால் மூடிக் கட்டினால் போதும், ஈ நுழையாது. காலையும் மாலையும், கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் மிதக்கும் சக்கையை உள்ளே அமுக்குங்கள். மெதுவாகத்தான். வேகமாகக் கலக்கினால் சாற்றில் கரைந்திருக்கும் வாயு ஒரேயடியாகக் கிளம்பி மறுபடி வழியும். அமுக்காமலும் விடாதீர்கள், மேலே காய்ந்து கிடக்கும் தோலில் பூஞ்சை பிடிக்கும், காடியாக்கும் கிருமியும் சேரும்.

சூட்டைக் கவனியுங்கள். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும், சூடு ஏற ஏற ஈஸ்ட் இன்னும் வேகம் எடுக்கும். 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 30 டிகிரியைத் தாண்டினால் பழ வாசனை போய் காட்டமான நெடி வரும், 35-ஐத் தாண்டினால் ஈஸ்டே சோர்ந்து பாதியில் நின்றுவிடலாம். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி ஈரத்துணி சுற்றுங்கள். அறையில் காற்றோட்டம் அவசியம், கரியமில வாயு தாழ்வான இடத்தில் தேங்கும்.

ஐந்தாறு நாளில் நுரை அடங்கிச் சக்கை அமிழத் தொடங்கும். அப்போது வடிகட்டி, ஏர்லாக் போட்ட கேனில் ஊற்றுங்கள். இந்தக் கட்டத்தில் கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பலாம், காற்றுபட்டால் புளித்துக் காடியாகிவிடும்.

அடுத்த முறை சர்க்கரையைப் பாதி முதலிலும் மீதியை மூன்று நாள் கழித்துக் கரைசலாகவும் சேருங்கள். ஆரம்ப வேகம் மட்டுப்படும். உலர்ந்த சர்க்கரையைக் கொட்டினால் அந்தக் கணமே பொங்கும்.

பாட்டிலில் அடைக்க அவசரம் வேண்டாம். ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் மிதவைக் கருவி) அளவு 1.000-க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ வந்து, ஒரு வாரம் மாறாமல் நின்ற பிறகே அடையுங்கள்.