கருத்தடை மாத்திரையை நிறுத்திய பிறகு உடம்பில் என்னென்ன மாறும்?

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது, முகமெல்லாம் பரு, முடி கொட்டுகிறது, கர்ப்பப்பை கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கச்சி, மாத்திரையால் கர்ப்பப்பை கெடாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். 24 வயதில் ஆரம்பித்து ஆறு வருடம் சாப்பிட்டேன். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை. அது சினைமுட்டை வெளியே வராமல் தடுத்து வைக்கும். விட்டால் சில நாளிலேயே மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடும்போது வருகிறதே, அது உண்மையான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் குறைவதால் வரும் உதிரம். இது எனக்கு ஆறு வருடமும் தெரியாது. நிறுத்திய மூன்றாம் நாள் வந்ததைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அதன் பிறகு 47 நாள் ஒன்றுமே இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து அத்தை போன் செய்வார்கள். "கண்ட மாத்திரையத் தின்னா வயிறு காஞ்சுதாம்மா போகும்." அன்பில்தான் சொன்னார்கள், ஆனால் ராத்திரியெல்லாம் தூக்கம் வராது.

கடைசியில் ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்க கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) முதலில் கர்ப்பமா என்று சிறுநீர் பரிசோதனைதான் செய்தார். மாதவிடாய் திரும்ப வருவதற்கு முன்பே சினைமுட்டை வெளிவந்துவிடும், அதனால் வராமலேயே கரு தங்கலாம் என்றார். (குழந்தை இப்போது வேண்டாம் என்றால் நிறுத்திய நாளிலிருந்தே வேறு வழி பார்க்க வேண்டும். வேண்டுமென்றால் இப்போதே ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்துவிடுங்கள்.) அப்புறம் கேட்டார்: "மாத்திரைய எதுக்காக ஆரம்பிச்சீங்க?"

யோசித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போதே எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், வந்தால் சுருண்டு படுக்கிற அளவுக்கு வலி. தாடையில் பருவும் இருந்தது. மாத்திரை எதையும் குணப்படுத்தவில்லை, மூடித்தான் வைத்திருந்தது. மூடியை எடுத்ததும் என் பழைய உடம்பு வெளியே வந்தது. பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் மாதவிடாய் தள்ளிப்போகும் சினைப்பைப் பிரச்சினை) இருப்பது பலருக்கு நிறுத்திய பிறகுதான் தெரிய வருவதும் இதனால்தான்.

பருவுக்குக் காரணம், மாத்திரை அடக்கி வைத்திருந்த ஆண் ஹார்மோன் மறுபடி வேலை செய்ய ஆரம்பிப்பது. எனக்கு நாலாம் மாதம் உச்சத்தில் இருந்தது. முடி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். குளியலறை வடிகாலில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து அழுதிருக்கிறேன். தானாகவே குறைந்தது. உதிரம் மாத்திரை சாப்பிட்ட காலத்தைவிட அதிகமாகப் போகலாம். மணிக்கு ஒரு பேட் மாற்றும்படி போனால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு சாயங்காலம் மஸ்ஜித் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயிலுக்குக் காத்திருக்கும்போது இடது அடிவயிற்றில் சுருக்கென்று குத்தியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவே நூலாக இழுக்கிற மாதிரி வெள்ளைப்படுதல். சினைமுட்டை வெளிவருவதன் அடையாளம் அது, ஆறு வருடமாக அதைப் பார்த்ததே இல்லை. காலண்டரில் ஒரு புள்ளி வைத்தேன். சரியாக 14ஆம் நாள் மாதவிடாய், பழைய வலியோடு. வலித்துக்கொண்டே அத்தைக்குப் போன் செய்து "வந்துருச்சு அத்தை" என்றேன். "மாரியாத்தா!" என்றார்கள், அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

மாத்திரைக்குப் பதில் கருத்தடை ஊசி போட்டிருந்தவர்கள் என் கணக்கைப் பார்க்க வேண்டாம், அவர்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். கர்ப்பப்பையில் காப்பர் கருவி வைத்தவர்களுக்கு எடுத்தவுடனே கரு தங்கலாம்.

உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இன்னும் மாதவிடாய் வரவில்லையென்றால் இந்த வாரமே கிளினிக் போங்கள். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்களுக்கு எப்படி வந்துகொண்டிருந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அதைக் கேட்பார்கள்.